வீட்டில் காய்ச்சிய பீரை மாற்றும்போது சைஃபனைப் பாதுகாப்பாகத் தொடங்குவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீர் நொதித்து முடிந்துவிட்டது, ஈஸ்ட் மண்டி அடியில் தங்கிவிட்டது, இனி மேலே தெளிந்திருப்பதை மட்டும் பாட்டில் நிரப்பும் வாளிக்கோ கெக்குக்கோ (பீர் அடைத்து வைக்கும் உலோகப் பீப்பாய்) மாற்ற வேண்டும். கவிழ்த்து ஊற்றினால் மண்டி கலங்கும், காற்றும் சேரும். அதனால்தான் சைஃபன், அதாவது உயரத்தில் உள்ள பாத்திரத்திலிருந்து தாழ்வாக உள்ளதற்கு வளைந்த குழாய் வழியாகத் தானாக ஓடவிடும் முறை. ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். தகராறெல்லாம் தொடங்கி வைக்கிற அந்தச் சில விநாடிகளில்தான். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அதைச் சுற்றியே வருகின்றன.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால்தான் என்ன? பெட்ரோலையே அப்படித்தானே எடுக்கிறார்கள்?

பெட்ரோலை அப்படி எடுப்பதும் தப்புதான், புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பீரில் ஆபத்து உங்களுக்கு இல்லை, பீருக்கு. யாருடைய வாயாக இருந்தாலும், பல் துலக்கிய கையோடு வந்தாலும், அதில் பாக்டீரியாக்கள் இருக்கும். லாக்டோபேசில்லஸ் போன்ற, சர்க்கரையைப் புளிப்பாக மாற்றும் வகைகளும் அதில் சேர்த்தி. நீங்கள் உறிஞ்சும்போது எச்சில் குழாயின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதன் வழியாகத்தான் 20 லிட்டரும் ஓடும்.

பீரில்தான் ஆல்கஹால் இருக்கிறதே, கிருமி சாகாதா?

பாதி உண்மை. ஆல்கஹால், பிஹெச் 4 முதல் 4.5 வரையிலான அமிலத்தன்மை, ஹாப்ஸின் (கசப்புக்கும் மணத்துக்கும் பீரில் போடும் பூ) கசப்பு எல்லாம் சேர்ந்து, மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் பீரில் பெருகவிடாமல் தடுக்கின்றன. அதனால் குடித்து யாரும் படுத்துவிட மாட்டார்கள். ஆனால் பீரைக் கெடுக்கிற கிருமிகள் வேறு ரகம். லாக்டோபேசில்லஸிலும் பீடியோகாக்கஸிலும் ஹாப்ஸையே தாங்கிக்கொள்ளும் வகைகள் உண்டு, 5 சதவீத ஆல்கஹால் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. பாட்டிலில் அடைத்து வாரக்கணக்கில் வைக்கும்போது, ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையை இவை தின்ன ஆரம்பிக்கும். புளிப்பு வரும், சில நேரம் நூல் நூலாக இழுக்கும், பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறித் திறந்ததும் நுரை பீய்ச்சியடிக்கும். மோசமான பட்சத்தில் பாட்டிலே வெடிக்கலாம்.

“நான் எப்போதும் வாயால்தான் உறிஞ்சுகிறேன், ஒன்றும் ஆனதில்லை” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. சீக்கிரம் குடித்துத் தீர்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் வாய் வைக்காத வழிகள் இவ்வளவு சுலபமாக இருக்கும்போது எதற்கு அந்தப் பந்தயம்?

வோட்காவைக் கொப்பளித்துவிட்டு உறிஞ்சினால் சரியா?

சரியில்லை. வோட்காவில் சுமார் 40 சதவீதம்தான் ஆல்கஹால், கிருமிநீக்கத்துக்குப் பயன்படுத்தும் ஆல்கஹாலோ 70 சதவீதத்தையொட்டி இருக்கும். அதோடு வாயில் அது நிற்பது சில விநாடிகள். நாக்கிலும் பல் இடுக்கிலும் இருப்பதை அது துடைத்தெடுத்துவிடாது. கொப்பளிப்பவருக்கு உற்சாகம் வரலாம், அதற்கு மேல் பலன் இல்லை.

சரி, எதுதான் எளிய வழி?

குழாயைத் தண்ணீரால் நிரப்பித் தொடங்குவது. தனிக் கருவி எதுவும் வேண்டாம், காற்றும் உள்ளே போகாது. நீளமான டியூப், அதன் ஒரு முனையில் பீருக்குள் நிற்கும் வளைந்த கெட்டிக் குழாய், இன்னொரு முனைப் பக்கம் டியூபை இறுக்கி மூடும் ஒரு கிளிப், கழிவைப் பிடிக்க ஒரு ஜக், இவ்வளவு போதும்.

முதலில் கையை நன்றாகக் கழுவி சானிடைசரில் நனைத்துக்கொள்ளுங்கள். டியூபையும் கெட்டிக் குழாயையும் சானிடைசரில் ஊறவைத்து எடுங்கள். பிறகு கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையோ, கழுவத் தேவையில்லாத சானிடைசர் கரைசலையோ டியூப் முழுக்க நிரப்புங்கள். இரண்டு முனையையும் ஒரே உயரத்தில், ஆங்கில ‘யூ’ வடிவில் பிடித்துக்கொண்டு ஒரு முனையில் ஊற்றினால் குமிழ் தங்காமல் நிரம்பும். எங்காவது குமிழ் நின்றால் டியூபை விரலால் சுண்டுங்கள், மேலே ஏறிப் போய்விடும். நிரம்பியதும் வெளியேறும் பக்கத்துக் கிளிப்பை மூடிவிட்டு, கெட்டிக் குழாயின் முனையை விரலால் அடைத்தபடி பீருக்குள் இறக்குங்கள். முனை பீருக்குள் மூழ்குகிற நேரத்தில்தான் விரலை எடுக்க வேண்டும், விரல் பீரில் படாமல்.

இப்போது மறுமுனையைக் கீழே ஜக்குக்குக் கொண்டுபோய் கிளிப்பைத் திறந்தால் முதலில் தண்ணீர் ஓடும், பின்னாலேயே பீரை இழுத்துக்கொண்டு வரும். நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள டியூப் 1.8 மீட்டர் நீளம் இருந்தால் அதற்குள் கிட்டத்தட்ட 90 மில்லிதான் பிடிக்கும், ஆகவே அரை டம்ளருக்கும் குறைவாகக் கழிந்ததுமே பீர் வந்துவிடும். நிறம் ஒரே சீராக ஆனதும் கிளிப்பை மூடி, முனையைச் சுத்தமான வாளியின் அடிவரை இறக்கி மறுபடி திறங்கள். முடிந்தது.

இதை முதலில் வெறும் தண்ணீரில் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டு வாளி, ஒரு டியூப், பத்து நிமிடம். பீரை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

சானிடைசர் கொஞ்சம் பீரில் கலந்துவிட்டால்?

எந்த சானிடைசர் என்பதைப் பொறுத்தது. ஸ்டார் சான் போன்ற அமில வகையைச் சரியான அளவில், அதாவது 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, கலந்திருந்தால் டியூபில் ஒட்டியிருக்கும் நுரையோ சில துளிகளோ பீரைக் கெடுக்காது. அயோடின் வகை சானிடைசரான அயோடோஃபரும் 12.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12.5 பங்கு) அளவில் கழுவத் தேவையில்லாததுதான். இரண்டுமே கையளவு கூடினால் கதை மாறும், அளந்து ஊற்றுங்கள்.

ப்ளீச் வேண்டாம் என்பேன். கிருமியைக் கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் மிச்சம் இருந்தால் குளோரின் பீரில் உள்ள ஃபீனால்களோடு சேர்ந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாசனை அடிக்கவைக்கும், அது துளியளவிலேயே நாக்குக்குத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம்: ப்ளீச்சை வினிகரோடோ அமில சானிடைசரோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறையில், மூடிய ஜன்னலோடு, அது விளையாட்டல்ல.

ஆட்டோ சைஃபன் வாங்கினால் இதெல்லாம் மிச்சமா?

ஓரளவு. வெளியே ஒரு அகலக் குழாய், அதன் அடியில் ஒருவழி வால்வு, உள்ளே ரப்பர் சீல் வைத்த மெல்லிய குழாய், இதுதான் அமைப்பு. உள்குழாயை மேலே இழுத்து ஒருமுறை கீழே அழுத்தினால் பீர் டியூபுக்குள் ஏறிவிடும், அப்புறம் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஒன்று அல்லது இரண்டு அழுத்தில் ஓட வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் விடாமல் அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம்.

அப்படி அடிக்கவேண்டி வந்தால் பெரும்பாலும் சீல்தான் காரணம். காய்ந்த சீல் காற்றை விடும், பயன்படுத்துவதற்கு முன் சானிடைசரில் நன்றாக நனையுங்கள். மேல்பக்கம் சீலுக்கு மேலே கொஞ்சம் சானிடைசர் கரைசலை நிற்கவிட்டால் கசிவு அடைபடும். பீர் மட்டம் இறங்கி சீலுக்குக் கீழே போகும் கடைசிக் கட்டத்தில்தான் இது அதிகம் உதவும். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வசதிதான், ஆனாலும் தண்ணீர் நிரப்பும் முறையைக் கற்றுக்கொண்டே இதை வாங்குங்கள் என்பது என் கட்சி. கருவி எப்போதும் பாட்டில் நிரப்புகிற அன்றைக்குத்தான் உடையும்.

குடுவைக்குள் ஊதியோ, கேஸ் சிலிண்டரை மாட்டியோ தள்ளலாமா?

வாயால் ஊதுவது உறிஞ்சுவதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மூச்சில் ஈரமும் கிருமியும் உண்டு, 16 சதவீதம் வரை ஆக்சிஜனும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரால் தள்ளுவது நல்ல முறைதான், ஆனால் அழுத்தம் தாங்குவதற்கென்றே செய்த எஃகுப் பாத்திரத்தில் மட்டும். கண்ணாடிக் குடுவைக்கு சிலிண்டரை மாட்டவே கூடாது. கண்ணாடி அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ரெகுலேட்டரைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டாலோ வெளியேறும் டியூப் மடங்கி அடைபட்டாலோ குடுவை சிதறும்.

எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?

நிரம்பிய பாத்திரத்தின் அடிப்பகுதி, காலிப் பாத்திரத்தின் வாயைவிட உயரமாக இருக்கட்டும். மேசை மேல் ஒன்று, தரையில் ஒன்று. பலர் நாற்காலியில் வைத்துவிட்டுப் பாதியிலேயே நின்றுவிட்டது என்று தவிக்கிறார்கள். வெளியேறும் முனை பீருக்குள் மூழ்கியிருக்கும்போது ஓட்டத்தைத் தீர்மானிப்பது இரண்டு பாத்திரத்தின் பீர் மட்டங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான். மேலே இறங்க, கீழே ஏற, அது சுருங்கிக்கொண்டே வரும். சமமானதும் நின்றுவிடும். 60 சென்டிமீட்டர் போல வித்தியாசம் வைத்து 8 மில்லிமீட்டர் டியூபில் விட்டால் 20 லிட்டர் 5 முதல் 10 நிமிடத்துக்குள் இறங்கும்.

கண்ணாடிக் குடுவையைத் தூக்கி வைப்பதற்கே பயமாக இருக்கிறது, பயப்பட வேண்டுமா?

வேண்டும். சைஃபன் வேலையில் உண்மையான ஆபத்து எச்சிலில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. 20 லிட்டர் பீரே 20 கிலோ, குடுவையின் எடையும் சேர்ந்தால் 25-ஐத் தாண்டிவிடும். சானிடைசர் நுரை பட்ட ஈரக் கை, வழுக்குகிற தரை, கண்ணாடி, இந்த மூன்றும் சேர்ந்தால் நரம்பு அறுபடும் அளவுக்கு வெட்டுக்காயம் வரும்.

குடுவையின் கழுத்தில் மாட்டும் கைப்பிடியை மட்டும் நம்பித் தூக்காதீர்கள், அது காலிக் குடுவைக்கு. அடியில் கை கொடுங்கள், அல்லது குடுவையைப் பிளாஸ்டிக் பால் கிரேட்டுக்குள் வைத்துக் கிரேட்டைத் தூக்குங்கள், அல்லது வார்ப்பட்டை வாங்குங்கள். கையும் குடுவையும் உலர்ந்திருக்கட்டும், காலில் செருப்பல்ல, மூடிய ஷூ. முடிந்தால் முந்தின நாளே மேசைக்கு ஏற்றிவிடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு, தூக்கும்போது கலங்கிய மண்டி விடிவதற்குள் மறுபடி தங்கிவிடும். நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள். விலகி நில்லுங்கள். பீர் போனால் மறுபடி காய்ச்சிக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் கண்ணாடியே வேண்டாம், உணவுத்தரப் பிளாஸ்டிக் வாளி போதும்.

ஓட ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

டியூபின் மேல் வளைவைப் பாருங்கள். அங்கே குமிழ் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிக் கடைசியில் பீர்ச் சரடையே அறுத்துவிடும். குமிழ் இரண்டு வகை. ஒன்று வெளிக்காற்று: கெட்டிக் குழாயும் டியூபும் சேரும் இடம் தளர்வாக இருந்தால், அங்கே உள்ளழுத்தம் வெளியைவிடக் குறைவு என்பதால் பீர் ஒழுகாது, காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். அதனால் ஒழுகவில்லையே, எல்லாம் சரிதான் என்று இருந்துவிடாதீர்கள். டியூப் முனையை வெந்நீரில் சிறிது நேரம் முக்கி மெதுவாக்கி மாட்டினால் ஆறியதும் இறுகிவிடும், மேலே ஒரு கிளாம்ப் போட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று பீரிலிருந்தே வரும் வாயு. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்குச் சுமார் 1.7 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்தே இருக்கும். வளைவின் உச்சியில் அழுத்தம் குறைவதால் அது குமிழாகப் பிரியும். வளைவு எவ்வளவு உயரமோ அவ்வளவு தொல்லை. ஆகவே பீர் மட்டத்துக்கு மேலே டியூப் அதிகம் எழும்பாமல் பாருங்கள், பீரைக் குளிரவைத்துவிட்டு மாற்றுங்கள், அப்படியும் சேர்ந்தால் டியூபைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டுச் சட்டென்று விடுங்கள், ஓட்டத்தோடு குமிழும் அடித்துக்கொண்டு போகும். எது எந்தக் குமிழ் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: இணைப்பிலிருந்தே வரிசையாகக் கிளம்பினால் வெளிக்காற்று, வளைவில் தானாக முளைத்தால் வாயு.

ஏர்லாக்கை (நொதிக்கும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பு) எடுத்துவிட வேண்டுமா?

மூடி இறுக்கமாக இருந்தால் கட்டாயம். பீர் வெளியே போகப் போக அந்த இடத்துக்கு ஏதாவது உள்ளே வர வேண்டும். வழியில்லாவிட்டால் ஏர்லாக்கில் இருக்கும் தண்ணீர் பீருக்குள் உறிஞ்சப்படும், ஓட்டம் மந்தமாகும், பிளாஸ்டிக் வாளி உள்நோக்கி ஒடுங்கும். ஏர்லாக்கைக் கழற்றி, அந்தத் துளையை சானிடைசரில் நனைத்த துணியாலோ ஃபாயிலாலோ தளர்வாக மூடுங்கள். பீரைக் குளிர்விக்கும்போதும் இதே உறிஞ்சல் நடக்கும்.

காற்று பட்டால் அப்படி என்ன கெட்டுவிடும்?

நொதிப்பதற்கு முன்னால் வோர்ட்டில் (இன்னும் பீராகாத இனிப்புக் கரைசல்) காற்று கலந்தால் நல்லது, ஈஸ்ட்டுக்கு அது வேண்டும். நொதித்த பிறகு தலைகீழ். ஆக்சிஜன் பட்ட பீரில் நாளாக நாளாக நனைந்த அட்டையைக் கடித்ததுபோல் ஒரு சுவை வரும், ஹாப்ஸ் வாசனை முதலில் மங்கும். ஹாப்ஸ் அதிகம் போட்ட பீரில் இது சீக்கிரம் தெரியும், வெளிர் நிறம்கூடப் பழுப்பேறிவிடும். ஆகவே வெளியேறும் முனை எப்போதும் வாளியின் அடியில், பீருக்குள் மூழ்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கட்டும். சளசளவென்று சத்தம் கேட்டால் தப்பு நடக்கிறது. கெக்குக்கு மாற்றுகிறவர்கள் முன்கூட்டியே கார்பன் டை ஆக்சைடு நிரப்பிக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் அந்த வாயு தாழ்வான, காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்கும். கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பெரிய பாத்திரத்துக்குள் தலையை விட்டு மோந்து பார்க்காதீர்கள்.

மண்டி வராமல் எடுப்பது எப்படி?

கெட்டிக் குழாயின் முனைக்கு ஒரு சின்ன மூடி வரும், அதை மாட்டினால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலேயிருந்துதான் பீரை இழுக்கும். தொடங்கும்போது முனையை அடிவரை இறக்காமல் நடுவில் வைத்து, மட்டம் இறங்க இறங்கத் தாழ்த்துங்கள். கடைசியில் பாத்திரத்தை மெதுவாக ஒருபக்கம் சாய்க்கலாம், அதற்கு ஆரம்பத்திலேயே அடியில் ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். ஹாப்ஸ் துகள் மிதந்தால் கொதிக்கவைத்த மெல்லிய நைலான் பையை முனையில் கட்டுங்கள். கடைசி அரை லிட்டருக்கு ஆசைப்பட வேண்டாம், அதற்காகக் கலக்கினால் மொத்தமும் கலங்கும்.

சூடான வோர்ட்டையும் இப்படியே எடுக்கலாமா?

வேண்டாம். சாதாரண வினைல் டியூப் சூட்டில் இளகி மடங்கும், இணைப்பு கழன்றால் கொதிக்கிற சர்க்கரைக் கரைசல் உடம்பில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆட்டோ சைஃபனின் பிளாஸ்டிக்கும் நெளிந்துவிடும். ஆறவைத்துவிட்டு மாற்றுங்கள்.

பாட்டிலில் பீருக்கு வாயு ஏற்றுவதற்கான சர்க்கரையை எப்போது சேர்ப்பது?

சைஃபன் தொடங்கும் முன்பே. முதலில் நொதித்தல் முடிந்ததா என்று ஹைட்ரோமீட்டரில் (அடர்த்தி அளக்கும் மிதவைக் கருவி) உறுதிசெய்யுங்கள், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளவு மாறாமல் இருக்க வேண்டும். மாறிக்கொண்டிருக்கும் பீரை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். லிட்டருக்கு 6 கிராம் அளவில் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, காலி வாளியின் அடியில் ஊற்றிவிட்டு அதன் மேல் பீரைச் சுழல விடுங்கள். பெரும்பாலும் தானே கலந்துவிடும், சந்தேகமிருந்தால் சுத்தமான கரண்டியால் மெல்ல ஒரு சுற்று.

நடுவில் நிறுத்த வேண்டுமென்றால்?

கிளிப்பை மூடுங்கள். கிளிப் இல்லையா, வெளியேறும் முனையை மேல் பாத்திரத்தின் பீர் மட்டத்துக்கு மேலே தூக்குங்கள், நின்றுவிடும். உள்முனையைப் பீரிலிருந்து வெளியே இழுத்து நிறுத்தினால் காற்று புகுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும்.

டியூபை எப்படிச் சுத்தம் செய்து வைப்பது?

வேலை முடிந்த கையோடு வெதுவெதுப்பான தண்ணீரை வேகமாக ஓடவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சுருட்டி வைத்தால் பீர் காய்ந்து உள்ளே படலமாகிவிடும், அதை எந்த சானிடைசரும் ஊடுருவாது. படலம் வந்துவிட்டால் சோடியம் பெர்கார்பனேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். பிரஷ் விட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில்தான் கிருமி ஒளிந்துகொள்ளும். சுருட்டாமல், இரண்டு முனையும் கீழே தொங்கும்படி ஆணியில் மாட்டினால் உள்ளே தண்ணீர் தேங்காது. சிலிக்கான் டியூபைக் கொதிக்கவைக்கலாம், வினைலைக் கூடாது. உள்பக்கம் மங்கிப்போய், கழுவிய பிறகும் வாசனை போகவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுங்கள்.